வாக்கில்லாதவர்களின் பதிவேடு

பாரிஸில் ஒரு பெரிய கட்டுமானம் வரப்போகிறதென்றால் அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் தாள் வரும். மஞ்சளில் கறுப்பு எழுத்து, தலைப்பெழுத்துகளின் உயரம் குறைந்தது 2 சென்ரிமீற்றர் என்று அரசாணையே அளவு சொல்கிறது. திட்டத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கும் பொதுவிசாரணை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாளுக்கு முன்னர் அது இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே எங்கள் ஆட்களின் சுவரொட்டிகளும் இருக்கும்: மரண அறிவித்தல், அரங்கேற்றம், ஊர்ச் சங்க ஒன்றுகூடல். போபூர் சென் தெனி வீதியால் போகிறவர்கள் நின்று மரண அறிவித்தலை வாசிப்பார்கள். மஞ்சள் தாளை வாசிக்க நிற்பவர்கள் குறைவு. அதை வாசிக்க வைப்பதும், வாசித்தவரைப் பேச வைப்பதும், பேசியதை அதிகாரியின் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் என் தொழில்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. கலந்தாய்வு நெறியாளர் என்று சொல்லிக்கொள்கிறேன். ரயில் பாதை, நிலையம், நெடுஞ்சாலை, மைதானம் என்று ஏதாவது கட்ட நினைக்கும் நிறுவனமோ நகரசபையோ ஒரு அலுவலகத்தை ஒப்பந்தத்துக்கு எடுக்கும். அந்த அலுவலகம் என்னைப் போன்றவர்களை வேலைக்கு அனுப்பும். கூட்டங்களை நடத்துவோம், கடைகடையாக ஏறி இறங்குவோம், சந்தையில் மேசை போட்டு வரைபடத்தை விரிப்போம், சொன்னதையெல்லாம் எழுதி அறிக்கையாக்குவோம். சம்பளம் திட்டக்காரரிடமிருந்து வருகிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரு ஒழுக்கம் உயிர்நிலையானது. சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே எழுத வேண்டும். கோபத்தைத் தணித்து எழுதினால் எழுதியவர் திட்டக்காரரின் ஆளாகிவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் அவருக்குக் கதிரை இழுத்துப் போடமாட்டார்.

எங்கள் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம் என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான். பிரான்சில் குடியுரிமை இல்லாதவருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவராக இருந்தால், நகரசபைத் தேர்தலில்கூட வாக்கில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, முப்பது நாற்பது வருடம் வரி கட்டி, பிள்ளைகளை இங்கேயே படிப்பித்து, இன்னமும் பத்து வருட வதிவிட அட்டையோடு இருக்கிற எத்தனையோ பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த வேட்பாளரும் வாக்குக் கேட்டு வருவதில்லை. ஆனால் பொதுவிசாரணையின் பதிவேடு எவருக்கும் திறந்தது. குடியுரிமை கேட்காது, வதிவிடம் கேட்காது, பெயரைச் சொல்லாமலும் எழுதலாம். இந்த நாட்டில் வாக்கில்லாதவர் அரசிடம் ஒரு விடயத்தைச் சொல்லி, அதைப் பரிசீலிக்கும் கடமையைச் சட்டப்படி எதிர்த்தரப்பின் மேல் சுமத்தக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

இந்த உரிமையும் போராட்டத்தால் வந்ததுதான். மக்களுக்கும் சூழலுக்கும் பாதிப்புத் தரும் திட்டங்களில் பொதுவிசாரணையைச் சீர்திருத்திய சட்டம் 1983 ஜூலையில் வந்தது. அப்போது சூழல் துறைக்குப் பொறுப்பாக இருந்த உகெத் புஷார்தோவின் பெயரால் அது அறியப்படுகிறது. ஆனால் பொதுவிசாரணை வரும்போது திட்டம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். 1990களின் தொடக்கத்தில் மத்தியதரைக் கடலோரத்துக்குப் போகும் அதிவேக ரயில் பாதைக்கு எதிராக ரோன் பள்ளத்தாக்கிலும் புரோவான்சிலும் திராட்சைத் தோட்டக்காரர்கள் எழுந்தார்கள். பாதை எங்கே போகும் என்று கேட்பதற்கு முன், பாதை வேண்டுமா என்று ஏன் கேட்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. அதன் விளைவாக 1992 டிசெம்பரில் அமைச்சர் பியான்கோவின் சுற்றறிக்கையும், 1995 பெப்ரவரியில் பார்னியே சட்டமும் வந்தன. பொது விவாதத்துக்கான தேசிய ஆணைக்குழு பிறந்தது அந்தச் சட்டத்தில்தான். 2002இல் அது சுயாதீன அமைப்பாக்கப்பட்டது. பொது விவாதம் திட்டத்தின் தொடக்கத்தில் நடப்பது. வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே இடமுண்டு. பொதுவிசாரணை முடிவில் நடப்பது. இரண்டுக்கும் நடுவில் நகரசபைகளும் நிறுவனங்களும் நடத்தும் கலந்தாய்வுகள். என் வேலை பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்.

லாச்சப்பல்காரருக்கு இவையெல்லாம் வாசலுக்கே வந்தது கார் து நோர் நிலையத்தின் பெயரால். எங்கள் கடைத்தெருவுக்கு உயிர் கொடுப்பதே அந்த நிலையம்தான். புறநகர்களிலிருந்து வரும் ஆர்இஆர் வண்டிகளில் இறங்கி, நிலத்தடி நடைபாதையால் லா சப்பல் மெற்றோப் பக்கம் ஏறி, முருங்கைக்காயும் மீனும் சேலையும் நகையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். 2018 ஜூலையில் பிரெஞ்சு ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப் தன் பங்காளியை அறிவித்தது. ஓஷோன் பேரங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டட நிறுவனமான சீத்ருஸ் பெரும்பங்கை எடுக்கும். நிலையத்தின் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். கடைகள், அலுவலகங்கள், கூரைமேல் ஓட்டப் பாதைகூட வரும். செலவு 60 கோடி யூரோ. 2024 ஒலிம்பிக்குக்கு முன் முடிய வேண்டும். நாளொன்றுக்கு 7 இலட்சம் பேர் கடக்கும் நிலையத்துக்கு அரசின் பணம் அதிகம் வேண்டாம், கடைகளின் வருமானத்தில் செலவை மீட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்குத்தான் பின்னால் எல்லாவற்றையும் முடிவு செய்தது. கடை வருமானத்தில் நிலையம் கட்டுவதென்றால் கடைகள் நிறைய வேண்டும்; பயணி கடைகளுக்கு முன்னால் நடக்கவும் வேண்டும். ஆகவே புறப்படும் பயணியை முதலில் மேலே ஏற்றி, நடைபாலங்களால் சுற்றவிட்டு, பிறகு மேடைக்கு இறக்கும் வடிவமைப்பு வந்தது. 2019 செப்டெம்பரில் ஜான் நூவெல், ரோலான் காஸ்த்ரோ உட்படக் கட்டடக் கலைஞர்களும் நகர வரலாற்றாசிரியர்களும் லு மோந்த் பத்திரிகையில் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். அதற்கு முன்பே, 2019 ஜூனில், பாரிஸின் வணிகக் கட்டுமான ஆணைக்குழு திட்டத்தை மறுத்திருந்தது. ஒக்டோபரில் தேசிய வணிகக் கட்டுமான ஆணைக்குழு அந்த மறுப்பைத் தள்ளி அனுமதி கொடுத்தது. தொடக்கத்தில் ஆதரித்த பாரிஸ் மாநகரசபையும் எதிர்நிலைக்கு வந்தது.

பொதுவிசாரணை 2019 நவம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்தது. ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிரான பெரும் வேலைநிறுத்தம் டிசெம்பர் 5ஆம் திகதி தொடங்கி அந்த வாரங்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி மக்களிடம் கேட்ட காலத்தில் அந்த நிலையத்துக்கு வரும் வண்டிகளில் பல ஓடவில்லை. அந்த வாரங்களில் நான் எந்த ஒப்பந்தத்திலும் இருக்கவில்லை. என் தெருவில் நடக்கும் விசாரணை என்பதால் மாலை நேரங்களில் கடைகளுக்குப் போய், எழுத விரும்பியவர்களுக்கு எழுத உதவினேன்.

அங்கே கற்றது இந்தத் தொழிலின் அரைவாசி. விசாரணை நடக்கும் இடம் பத்தாம் வட்டார நகரசபை, எங்கள் ஆட்கள் சொல்கிற 'மேரி'. விசாரணையை நடத்தும் ஆணையாளர் அங்கே குறிப்பிட்ட நாட்களில், பகல் நேரத்தில் சில மணித்தியாலம் இருப்பார். அந்த நேரத்தில் மரக்கறிக் கடைக்காரர் ரஞ்சிஸ் மொத்தச் சந்தையிலிருந்து வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பார். உணவகக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பில் நிற்பார். நிலையத்துக்கு வடக்கே பூலவார் து லா சப்பலைத் தாண்டினால் பதினெட்டாம் வட்டாரம். மாணிக்கப் பிள்ளையார் கோயில் இருக்கும் பஜோல் வீதி அங்கே. ஆக எங்கள் சனத்தின் அன்றாடம் இரண்டு மேரிகளுக்கு நடுவில் கிடக்கிறது. ஒன்றில் ஒட்டிய அறிவித்தல் மற்றதில் வாழ்பவரின் கண்ணில் படுவது அரிது.

அதனால் நேரம் பார்த்துப் போவேன். பெட்டி இறக்கி முடிந்து, வாடிக்கையாளர் வரும் முன் ஒரு இடைவெளி உண்டு. மாலையில் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொருள் வாங்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை புறநகர்ச் சனம் திரளும். முதல் கேள்வி திட்டத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "அண்ணை, உங்கடை சனம் எந்த வாசலால வருகுது?" என்று கேட்டால் போதும். கடைக்காரர் கையைப் பிடித்துத் தெருமுனைவரை கூட்டிப் போய்க் காட்டுவார். எந்த வாசல் எத்தனை மணிக்கு நெரியும், எந்தப் படிக்கட்டில் வயதுபோனவர்கள் நின்று மூச்சு வாங்குவார்கள், சில்லுப்பை இழுத்து வருகிறவர்கள் எந்த வழியைத் தவிர்ப்பார்கள், இரவு பத்து மணிக்குப் பிறகு எந்த நடைபாதையால் பெண்கள் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பொறியியலாளரின் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாக இருக்கும் மக்கள் ஓட்டம் அந்தக் கடைக்காரரின் வாயில் மணிக்கணக்காக விரியும்.

அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப வந்தவை மூன்று. நிலையத்துக்குள்ளேயே பேரங்காடி வந்தால் புறநகர்ச் சனம் வெளியே வராமலே திரும்பிவிடும் என்பது ஒன்று. காய் வீதி, பெர்தொனே வீதி போன்ற ஒடுக்கமான தெருக்களில் பல வருடம் கட்டுமான வாகனங்கள் ஓடினால் காலையில் பெட்டி இறக்குவது எங்கே நடக்கும் என்பது இன்னொன்று. வயதுபோனவர்களுக்கு மின்தூக்கியும் கழிப்பிடமும் எங்கே என்பது மூன்றாவது. கட்டடக் கலைஞர்கள் பத்திரிகையில் எழுதிய குற்றச்சாட்டின் சாரமும் எங்கள் மரக்கறிக் கடைக்காரர் சொன்னதன் சாரமும் ஒன்றுதான்: பயணியை வாடிக்கையாளராக மட்டும் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

ஒருமுறை கடை ஒன்றில் ஒரு அம்மா என் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பேர் எழுத வேணுமோ?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றதும்தான் பேசத் தொடங்கினார். இந்தப் பயத்தை வெளியிலிருந்து வருகிற என் சக தொழிலாளர்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் பெயர் எழுதுவது என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பதை அவர்களுக்கு விளக்க நான் இலங்கையின் சம்பூரைச் சொல்வேன். 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது. அவர்களின் காணி உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அதே மண்ணில் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டுவதாகத் திட்டம் வந்தது. காணிக்காரர் முகாமில் இருக்க, அவர்களின் காணியைப் பற்றிய ஒப்பந்தங்கள் கொழும்பில் எழுதப்பட்டன. 2016 செப்டெம்பரில் அரசு நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக உச்ச நீதிமன்றத்துக்குச் சொன்னது. வரைபடத்தோடு வரும் அதிகாரியைக் கண்டால் கதவைச் சாத்தும் பழக்கம் இப்படியான அனுபவங்களில் ஊறியது. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல் வாசலில் காத்து நிற்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு உகந்தவர்.

கார் து நோர் திட்டத்துக்கு 2020 ஜூலையில் கட்டட அனுமதி கிடைத்தது. நவம்பரில் மாநகரசபையும் எஸ்என்சிஎஃப்பும் பேசித் திட்டத்தைச் சிறிதாக்க உடன்பட்டன. 2021 செப்டெம்பரில் எஸ்என்சிஎஃப் ஒப்பந்தத்தையே முறித்தது. செலவு 60 கோடியிலிருந்து 150 கோடி யூரோவாக ஏறிவிட்டது, ஒலிம்பிக்குக்கு முன் முடியாது என்பதே காரணம். பிறகு ஒலிம்பிக்குக்காக அதைவிட மிக எளிய வேலைகளே செய்யப்பட்டன. பெரிய சைக்கிள் தரிப்பிடமும் அவற்றில் அடங்கும்.

நம்மால் நின்றது என்று சிலர் மகிழ்ந்தார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். திட்டத்தை நிறுத்தியது செலவு. ஆனால் அந்தச் செலவின் பின்னால் மூன்று வருட இழுபறி இருந்தது. அந்த இழுபறியின் வேர், பணத்தை எப்படித் திரட்டுவது என்ற முதல் முடிவை மக்களிடம் கேட்காமல் எடுத்ததில் இருந்தது. கூரையின் நிறத்தையும் வாசலின் அகலத்தையும் பேசலாம், கடைகளின் எண்ணிக்கையைப் பேசக்கூடாது என்றால் அது கலந்தாய்வு ஆகாது. முதல் முடிவை முதலிலேயே பேசியிருந்தால் இன்று அந்த நிலையத்தில் மின்தூக்கிகளாவது கூடியிருக்கும்.

ஊரை மாற்றிச் சென் தெனி நகரத்துக்கு வருகிறேன். இங்கே வேலை செய்கிறவர் தெரிந்திருக்க வேண்டிய முதல் விடயம் ஏ1 நெடுஞ்சாலை. 1960களின் நடுப்பகுதியில் அது பிரசிடென்ட் வில்சன் அவென்யூவைப் பிளந்துகொண்டு ஆழமான வாய்க்கால் மாதிரி நகரத்தின் நடுவால் போனது. பிளேன் சென் தெனி மக்கள் முப்பது வருடம் அந்த இரைச்சலோடும் புகையோடும் வாழ்ந்தார்கள். 1998 உலகக் கிண்ணத்துக்காக ஸ்தாத் து பிரான்ஸ் மைதானம் வந்தபோதுதான் அந்தப் பகுதிக்கு மேல் மூடி போட்டு, மேலே பூங்கா அமைத்தார்கள். அந்த நகரத்துப் பெரியவர்கள் எந்தப் புதிய திட்டக் கூட்டத்துக்கு வந்தாலும் அந்த முப்பது வருடத்தைக் கொண்டுதான் வருகிறார்கள்.

2024 ஒலிம்பிக் வந்தபோது அதே நகரத்தின் பிளேயெல் பகுதியில் ஏ86 நெடுஞ்சாலைக்குப் புதிய ஏற்ற இறக்கச் சாலைகள் திட்டமிடப்பட்டன. அவை அனத்தோல் பிரான்ஸ் பள்ளி வளாகத்தைச் சூழ்ந்து போகும். அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் இடம். பெற்றோர் எழுந்தார்கள். அவர்கள் வாகன எண்ணிக்கையைப் படித்தார்கள், காற்று மாசு அளவீட்டைப் படித்தார்கள், சட்டத்தரணியை அமர்த்தினார்கள். 2020 மே மாதம் பாரிஸ் நிர்வாக மேன்முறையீட்டு நீதிமன்றம் வேலையை இடைநிறுத்தியது. அதே வருடம் ஒக்டோபரில் அவர்களின் கோரிக்கையை நிராகரித்தது. வேலை தொடர்ந்தது.

சென் தெனியிலும் லா கூர்நவிலும் பள்ளி வாசல்களில் நான் நின்றிருக்கிறேன். நாலரை மணிக்குப் பிள்ளையை ஏற்ற வரும் தாய்மாருக்கு இருப்பது சில நிமிடங்கள். ஆனால் பிள்ளையின் மூச்சுத் தொல்லையைப் பற்றிக் கேட்டால் வண்டியைத் தவறவிட்டும் நின்று பேசுவார்கள். வங்காளம், மாலி, அல்ஜீரியா, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்த தாயாக இருந்தாலும் இதில் வேறுபாடு இல்லை. திட்டக்காரரின் விளக்கப் படத்தில் சாலை எப்போதும் மரநிழலோடும் இரண்டு சைக்கிள்காரரோடும் இருக்கும். பிளேயெல் பெற்றோர் கேட்டது காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதை. ஒரு கலந்தாய்வின் தரத்தை அந்த எட்டரை மணிப் படத்தைக் காட்டுகிறார்களா என்பதை வைத்தே நான் அளக்கிறேன்.

ஒலிம்பிக் காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2018 மார்ச் 26ஆம் திகதிச் சட்டம், விளையாட்டுக்குத் தேவையான திட்டங்களுக்குப் பொதுவிசாரணைக்குப் பதிலாக இணையவழிக் கருத்துக்கேட்பு நடத்த வழி செய்தது. நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது காரணம். பொது விவாதத்துக்கான தேசிய ஆணைக்குழு நியமிக்கும் ஒரு நடுநிலைக் கண்காணிப்பாளர் அறிக்கை எழுதுவார். ஆனால் மேசைக்கு முன்னால் இருந்து காது கொடுக்கும் விசாரணை ஆணையாளர் இல்லாமல் போனார். கடல்கடந்த பகுதிகளைத் தவிர்த்தால் நாட்டின் மிக வறிய மாவட்டமான சென் சென் தெனியில், வீட்டில் கணினி இல்லாத, பிரெஞ்சை வாயால் பேசினாலும் எழுதத் தயங்கும் மனிதருக்கு இது பெரிய இழப்பு. அவசரத்துக்காக முதலில் வெட்டப்படுவது அந்த நேர்முகச் செவிதான் என்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

சீடிஜி எக்ஸ்பிரஸ் என்ற பெயரை ஆர்இஆர் பி வண்டியில் போகிற எவரும் கேட்டிருப்பார்கள். கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ருவாசி விமான நிலையத்துக்கு இடையில் எங்கும் நிற்காமல் 20 நிமிடத்தில் போகும் வண்டி. ரிக்கற் 24 யூரோ அளவில் என்று சொல்லப்பட்டது. பாதை 32 கிலோமீற்றர். அதில் 24 பழைய பாதை, 8 புதிது. போர்த் து லா சப்பல் பகுதியைக் கடந்து, சென் சென் தெனி மாவட்டத்துக்குள்ளால் போகிறது. வழியில் அந்த மாவட்டத்தில் ஒரு நிலையத்திலும் நிற்காது. இதற்கான பொது விவாதம் 2003இல் நடந்தது. இருபது வருடத்துக்கு மேலாகியும் வண்டி ஓடவில்லை. 2027 என்பது இப்போதைய இலக்கு. 2020 நவம்பரில் மொந்த்ரேய் நிர்வாக நீதிமன்றம் அதன் சுற்றாடல் அனுமதியின் ஒரு பகுதியை இரத்துச் செய்தது. 2021 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இடைநிறுத்த, வேலை மீண்டும் தொடங்கியது.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் பேர் பயணிக்கும் ஆர்இஆர் பியைத் திருத்தாமல், விமானப் பயணிக்குத் தனிப்பாதையா என்று அந்த மாவட்டத்து நகரபிதாக்கள் கேட்டார்கள். ஓல்நே, செவ்ரான், ட்ரான்சி பக்கத்துத் தமிழரிடம் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். விமான நிலையத்தில் பொதி தூக்குகிறவர், சமையலறையில் நிற்கிறவர், விடுதி அறை துப்புரவாக்குகிறவர் எல்லாம் விடியற்காலை முதல் வண்டியில் போகிறவர்கள். அவர்களுக்கு அந்த வண்டி பத்து நிமிடம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு. விமான நிலையத்துக்குப் போகும் ரயிலைப் பற்றிய விவாதத்தில் அந்த விமான நிலையத்தை இயங்க வைக்கிறவரின் குரல் ஓங்கி வந்திருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் அவர் வரமாட்டார். அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். அவர் நிற்கும் மேடைக்கு அந்த நேரத்தில் நாங்கள்தான் போக வேண்டும்.

இந்தத் தொழிலை வெறும் சடங்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு வேறு சில முடிவுகளை நினைவூட்டுகிறேன். பாரிஸுக்கு வடக்கே கொனேஸ் வயல்களில் ஓஷோன் குழுமமும் சீனாவின் வாண்டா குழுமமும் கட்டவிருந்த யூரோப்பாசிற்றி என்ற வணிக, கேளிக்கை வளாகம் 300 கோடி யூரோவைத் தாண்டிய திட்டம். 2016இல் அதற்குப் பொது விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில்தான் பலர் அந்த மண்ணின் வளத்தைப் பற்றி முதன்முறையாக விரிவாகக் கேட்டார்கள். 2019 நவம்பரில் அரசு அதைக் கைவிட்டது. மறுபக்கம் நான்த் நகருக்கருகே கட்டவிருந்த நோத்ர்தாம் தே லாந்த் விமான நிலையம். 2016 ஜூன் வாக்கெடுப்பில் 55 வீதம் பேர் ஆம் என்றார்கள். 2018 ஜனவரியில் அரசு அதையும் கைவிட்டது. ஐம்பது வருடம் இழுத்த திட்டத்தில் கடைசி நேரத்தில் ஆமா இல்லையா என்று கேட்டால் அந்தப் பதிலை எவரும் ஏற்கத் தயாராக இருக்கமாட்டார்கள் என்பதையே அது காட்டியது. தலையெண்ணிக்கை விவாதத்துக்கு மாற்றீடாகாது.

இந்தியாவிலும் இதே போராட்டம்தான். 2020இல் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவு ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டும் வெளியானபோது, அரசியலமைப்பின் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசிக்க முடியாத ஆவணத்தின் மேல் கருத்துக் கேட்பது கேட்காததற்குச் சமம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரான்சில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆவணங்கள் பிரெஞ்சில் மட்டுமே, ஆயிரக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. ஆகவே அந்த ஆவணத்தில் இந்தத் தெருவைத் தொடுகிற பத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதைத் தமிழிலும் சோனிங்கேயிலும் அரபியிலும் வாயால் சொல்லக்கூடிய மனிதர்களை வேலைக்கு எடுக்கும் செலவைத் திட்டக்காரர் ஏற்க வேண்டும். ஒரு நிலையத்தின் கண்ணாடிக் கூரைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்கே தெரியாத தொகை.

இளையவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் நான் சொல்லிக் கொடுப்பவை சில. கூட்டத்தைத் தொடங்கும்போதே எது முடிவாகிவிட்டது, எது இன்னும் மாறலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிவானதைத் திறந்த கேள்வியாக வேடம் போட்டால் சனம் உடனே பிடித்துவிடும். திட்டத்தை முன்வைக்கும் பொறியியலாளரைச் சனத்துக்கு நடுவில் கதிரை போட்டு இருத்துங்கள், மேடையில் ஏற்றாதீர்கள். சொன்னதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் போங்கள். ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்பதை அதே கடைக்கு, அதே பள்ளி வாசலுக்குப் போய்ச் சொல்லுங்கள். மறுப்பைக்கூடச் சனம் தாங்கும். பதிலே வராமல் போவதை மன்னிக்காது. கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வராத அனுபவம் எங்கள் தெருவில் நிறைய உண்டு. ஒரு கலந்தாய்வில், சேகரித்துக் கொடுத்த கருத்துகளுக்கு ஒரு வரிப் பதிலும் வராததைக் கண்டு அந்த அலுவலகத்தோடு வேலை செய்வதை நான் நிறுத்தினேன்.

எங்கள் சமூகத்துக்கு இந்த வேலை புதிதும் அல்ல. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டிப் பிள்ளையார் தேர் லாச்சப்பல் வீதிகளால் போகிறது. அதற்காகப் பொலிசோடும் நகரசபையோடும் வீதி மூடலையும் நேரத்தையும் உடைத்த தேங்காய் அள்ளுவதையும் வருடாவருடம் பேசி முடிக்கிறார்கள். ஒரு தேருக்கு வழி கேட்டுப் பேசத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு நிலையத்தைப் பற்றிப் பேசவும் முடியும்.

கடைசியாக, இதை வாசிக்கும் பாரிஸ்ச் சனத்துக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. விசாரணை ஆணையாளர் வாக்கு எண்ணுவதில்லை. ஒரே வாசகத்தை நூறு பேர் எழுதினாலும் அது ஒரு கருத்துத்தான். "எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, யாருக்கு என்ன தொல்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று நாலு வரி எழுதுங்கள். பிரெஞ்சு வராவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆணையாளர் இருக்கும் நேரத்தில் மேரிக்குப் போய் வாயால் சொல்லுங்கள்; அதைக் குறித்துக்கொள்வது அவருடைய கடமை. விசாரணை முடிந்து எட்டு நாளுக்குள் அவர் கருத்துகளின் சுருக்கத்தைத் திட்டக்காரரிடம் கொடுப்பார். திட்டக்காரர் பதில் எழுத 15 நாள் உண்டு. அறிக்கை ஒரு வருடம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். போய் உங்கள் வரியைத் தேடிப் பாருங்கள். ஆணையாளரின் முடிவு பாதகமாக இருந்தால், நீதிமன்றத்தில் திட்டத்தை இடைநிறுத்துவது எளிதாகும். ஆகவே அந்த நாலு வரிக்கும் சட்டத்தில் எடை இருக்கிறது. ஆனால் முடிவுத் திகதிக்குப் பிறகு வரும் எந்தக் கருத்தும் கணக்கில் எடுக்கப்படாது. திகதியைப் பார்த்து, அதற்கு முன் எழுதுங்கள்.